நடிப்புப் பள்ளிக்குப் போன செக்கரம்மா

எங்கள் எதிர் வீட்டுக்காரரைக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கரம்மா என்றால்தான் தெரியும். நகரப் பேருந்துகளில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்கிற வேலை. வீட்டில் அவரும் ஒரே மகளும்தான். யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். "பொய் சொல்றவன் மூஞ்சியை அடக்கிடுவான், காலை அடக்க முடியாது" என்பது அவர் கண்டுபிடிப்பு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் காலையே ஒருநாள் உற்றுப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் பேச்சையே நிறுத்திவிட்டேன்.

இப்படிப்பட்டவருக்கு நடிக்கப் படிக்கிற மகள்!

மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய குடோனைத் தட்டிக் கொட்டி மாற்றிய சின்ன அரசுப் பள்ளி அது. காலையில் கணக்கு, அறிவியல், கட்டுரை. மதியத்துக்கு மேல் ஓவியம், இசை, நாடகம். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி வரை போய்விடுகிறார்கள். கட்டணமும் கிடையாது. அதுதான் செக்கரம்மாவுக்கு உறுத்தியது.

"சும்மா சேத்துக்கிறாங்க, காலேஜுக்கும் அனுப்புறாங்க, கூத்தும் சொல்லித் தர்றாங்கன்னா ஏதோ உள்குத்து இருக்கு" என்பார். "நான் நாள் பூரா நடிக்கிறவங்களைத்தான் பிடிக்கிறேன். பாக்கெட்டைத் தடவுறவன், தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிறவன். இந்த இழவைப் பாடமா வேற வைக்கணுமா?"

மகள் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்ததால்தான் சேர்த்துவிட்டார்.

கடைசி வருடத்தில் சந்தேகம் முற்றியது. சாப்பிடும்போது மகள் அம்மாவையே பார்க்கிறாள். திரும்பினால் தட்டைப் பார்க்கிறாள். அம்மா செருப்பைக் கழற்றும்போது கதவோரம் நிற்கிறாள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்லைம்மா". அந்த "ஒண்ணுமில்லை"யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் செக்கரம்மா.

"யாரோ என்னை வேவு பாக்கச் சொல்லியிருக்காங்க" என்று என்னிடம் வந்து கிசுகிசுத்தார். "காதல் கீதல்னா கண்ணாடியைப் பாப்பா. என்னை எதுக்குப் பாக்கிறா?"

"உங்க அழகைத்தான் பாக்கிறாளோ என்னவோக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பாதி திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்திருக்கிறார். மகள் அம்மாவின் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் கையை நீட்டி நிற்கிறாள். அவ்வளவுதான். என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"போலிச் செக்கர்! என் சட்டையைப் போட்டுக்கிட்டு எவன் பஸ்லயோ ஏறி வசூல் பண்றா. அந்தப் பள்ளிக்கூடம்தான் பழக்கிவிட்டிருக்கு. நாளைக்கே அவளை அங்கேருந்து நிறுத்துறேன். துணைக்கு வா."

வேறு எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு எண்ணம் வந்திருக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுநாள் அவரோடு பள்ளிக்குப் போனேன்.

நாடக ஆசிரியர் ஒல்லியான மனிதர், கையெல்லாம் பெயின்ட். செக்கரம்மா கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"கடைசி வருஷப் பசங்க ஒரு நிஜ ஆளை ரொம்ப நாள் கவனிச்சு, அவங்க மாதிரியே நடிச்சுக் காட்டணும்மா. அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவங்க நடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா அவங்களே வந்து பாத்து, சரின்னு சொன்னாத்தான் வெளியே காட்டுவோம். உங்க பொண்ணு காலேஜ் தேர்வுக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போறா."

"நான் முடியாதுன்னா?"

"விட்டுடுவோம். இந்த வருஷம் அவளுக்குக் காலேஜ்ல இடம் கிடைக்காது."

செக்கரம்மா அவர் காலைப் பார்த்தார். கால் ஆடவில்லை.

உடனே பார்த்தே தீருவேன் என்றார். பெஞ்சுகளை ஒதுக்கினார்கள். மகள் சீருடைச் சட்டையில் வந்து நின்றாள். நடை, தோளைச் சாய்க்கிற விதம், காலைப் பார்க்கிற பார்வை, எல்லாம் அப்படியே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். செக்கரம்மாவின் உதடுகூட லேசாக இளகியது.

அப்புறம் நாடகத்தில் அந்தச் செக்கர் வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் மகள் குளிக்கிற நேரம். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். மகளின் பையைத் திறந்தாள். புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறினாள், பென்சில் டப்பாவை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து, சர்ரென்று ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம்தான் வந்தது.

சிரிப்பு நின்றுபோனது. இது எனக்கும் தெரியாத விஷயம். செக்கரம்மா பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது.

"காட்டலாமாம்மா?" என்றார் ஆசிரியர்.

மகள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செக்கரம்மா எழுந்தார். மகளை இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"காட்டட்டும்" என்றார். "ஆனா ஒரு இடம் தப்பு. ஜிப்பை நான் அவ்வளவு சத்தமா இழுக்க மாட்டேன். மெதுவாத்தான் மூடுவேன்."

"தெரியும்மா" என்றாள் மகள். "நீ மெதுவாத்தான் மூடுவே. தண்ணியை அப்படியே ஓடவிட்டுட்டு, பாத்ரூமுக்குள்ள கதவுல காதை வச்சுக்கிட்டு நிக்கிறப்ப எனக்கு அவ்வளவு சத்தமாத்தாம்மா கேக்கும்."