கூட்டாத வாசல்

கிறகரி குனிந்து, போஞ்சிக் கொடியடியில் கிடக்கும் சருகை விலக்கி, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விடுவார். ஈரம் தட்டியதும் விரலை எடுத்துச் சருகை இழுத்து மூடிவிடுவார். தாமதிக்க மாட்டார். "தெறந்து வச்சா வெக்கை எறங்கிரும்" என்பார். தெல்தோட்டைச் சரிவில் இருக்கும் அவருடைய சின்னத் தோட்டத்தில் ஒவ்வொரு காலையும் இப்படித்தான்.

ஒரு போகம் வெயிலில் கருகியது. அடுத்த போகம் ஒரே மழையில் மேல்மண்ணோடு போனது. அதன் பிறகுதான் விவசாயப் போதனாசிரியரின் வகுப்புக்குப் போனார். மாறிவிட்ட மழையைப் பற்றித் திரையில் படம் ஓடும்போது தூங்கிவிட்டார். பணிஸ் வந்தபோது விழித்தவருக்கு ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது: மண்ணைச் சருகால் போர்த்தும் மூடாக்கு.

அன்றிலிருந்து போஞ்சி விற்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறவர் சருகு மூட்டையோடுதான் திரும்புகிறார். "அண்ணன், குப்பைய ஊருக்கு வெளியில கொண்டு போறவங்களத்தான் கண்டீக்கிறேன்" என்று மடவளைக்கார பஸ் நடத்துனர் பவாஸ் சீண்டுவார். "என்னைய சட்டை போட்டிருக்கேனான்னு பாத்துத்தானே ஏத்துறீங்க. மண்ணு மட்டும் அம்மணமா கெடக்கணுமா?" என்பார் கிறகரி.

எல்லாம் பலித்துவிடவில்லை. சருகுக்கடியில் நத்தை பெருகி லீக்ஸ் முழுவதையும் தின்றது. "நத்தைக்கு லயத்து வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க" என்று சிரித்தவர் அவருடைய மனைவி டொரதி.

டொரதிக்குச் சருகே ஆகாது. வாசலில் மண் பளிச்சென்று தெரியும்வரை கூட்டினால்தான் காலைத் தேநீர் இறங்கும். அவர் பலா இலையைக் கூட்டி வேலியோரம் தள்ளுவார். கிறகரி அதை அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்தில் பரப்புவார். கல்யாண வாழ்க்கையின் கடைசி வருடங்கள் இப்படியே ஓடின.

செப்டெம்பரில் டொரதி இறந்தார்.

அதன் பிறகு வாசலை யாரும் கூட்டவில்லை. பலா இலை கணுக்கால் அளவு கிடந்தது. கிறகரி அதைத் தாண்டிப் போய், பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டையிலிருந்து சருகு கொண்டுவந்தார். இதை இலவசமாக எடுக்கலாமே என்று கேட்டவர்களிடம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

கோவிலுக்குப் பின்னால், சரிவில்தான் டொரதியின் கல்லறை. கட்டட வேலைக்கு மண் பரிசோதிக்கும் மகள் அஷ்வினி, புதைத்த மண்மேடு இறங்கிப் படியுமுன் சீமெந்து போட்டால் வெடித்துவிடும், ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மழை பொறுக்கவில்லை. ஒவ்வொரு மழையும் மேட்டில் ஒரு படலத்தை வழித்துக்கொண்டு போனது. மரச் சிலுவை சாய்ந்தது. இன்னும் இரண்டு மழை தாங்காது என்று அஷ்வினிக்குத் தெரிந்தது.

"ஒங்க சருகையே போடுங்களேன்ப்பா."

"அவளுக்குச் சருகு ஆகாதும்மா. அவ மேலயே போடச் சொல்றியா?"

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், கதவுக்குப் பின்னால் இருந்த டொரதியின் விளக்குமாற்றை எடுத்தார். வாசலை மண் தெரியக் கூட்டினார். மூலையில் ஒட்டிய ஈர இலையைக்கூட விடவில்லை. பிறகு அந்த இலையைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைக்கு ஏறினார்.

சிலுவையை நிமிர்த்தினார். மேட்டைப் பலா இலையால் மூடி, கீழ்ப்பக்கம் வழுக்காமல் கிளிசிரிடியாக் கம்பு வைத்துத் தடுத்தார். தூறல் விழுந்தது. கூட வந்த அஷ்வினி குடையை விரித்தாள்.

கிறகரி குனிந்து, இலையை விலக்கி, விரலை மண்ணுக்குள் விட்டார். ஈரமாகத்தான் இருந்திருக்கும். அவர் விரலை எடுக்கவில்லை.