முன்சீட்டுக்காரரின் பாட்டு

எங்கள் தொழிற்சாலை வேனில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் யார் உட்காருகிறாரோ, அன்றைய பாட்டு அவருடைய கைபேசியிலிருந்து வரும். மற்றவர்களுக்கு உள்ள ஒரே உரிமை திட்டுவது. காலையில் கோவில்பதாகையில் புறப்படும் வேன், ஆவடி, திருமுல்லைவாயல், மேனாம்பேடு என்று ஆட்களை அள்ளிக்கொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நுழைவதற்குள் பாட்டைவிட வசவு அதிகமாகக் கேட்டிருக்கும்.

கோவில்பதாகையில் முதலில் ஏறுபவர், கியர் எனப்படும் பற்சக்கரங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா. முதலில் ஏறுவதால் முன்சீட்டு அவருடையது. ஆகவே எங்கள் காலைப் பொழுதுகள் தொண்ணூறுகளில் விடிந்தன. ஓட்டுநர் எண்பதுகளின் ஆள். அக்கா அசந்த நேரம் பார்த்துத் தன் பாட்டை நுழைத்துவிடுவார். நான் ஆவடியில் ஏறுவேன். சமூகப்பணி படித்துவிட்டு அதே தொழிற்சாலையின் பணியாளர் நலப் பிரிவில் இருப்பவள் என்பதால், எந்தக் கட்சியிலும் சேராமல் நடுநிலை காக்க வேண்டியவள் என்று எனக்கு நானே ஒரு பதவி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நடுநிலையே தவிர, கருத்து இல்லாதவள் அல்லள். அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அந்தக் காலத்திலும் குப்பைகள் வந்தன; இன்று அவற்றை யாரும் தேடிப் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான். தவிர, அக்கா கண்ணை மூடி ரசிக்கும் பாட்டுகளில் பாதியில், வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண்ணைக் கதாநாயகன் பேருந்து நிறுத்தம் வரை விடாமல் பின்தொடர்கிறான். எங்கள் தொழிற்சாலையில் பெண்கள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டுவது என் வேலை. வேனில் அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு, இறங்கிப் போய் அந்தக் கூட்டத்தில் உட்காருவது எனக்கு நெருடலாக இருந்தது. ஒருநாள் அக்காவிடம் சொல்லியும் விட்டேன்.

"அவன் பின்னாடி வந்தா வந்துட்டுப் போறான். நீ ஏம்மா திரும்பிப் பாக்குற? மெட்ட மட்டும் கேளு" என்றார்.

எனக்கும் பலவீனம் இல்லாமல் இல்லை. கல்லூரி நாட்களில் வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் பேருந்துக்காக நிற்கும்போது, ஒரு தோழியின் எண்ணை அடிக்கடி அழைப்பேன். அவளிடம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அவள் வைத்திருந்த காலர் ட்யூன் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் நேரத்தில் அவள் எடுத்துவிடுவாள். "ஏன்டி எடுத்த?" என்று நான் கோபப்படுவேன். "நீதானடி கூப்ட்ட!" என்று அவள் கத்துவாள். இன்று அந்தப் பாட்டு முழுதாக என் கைபேசியில் இருக்கிறது. சரணம் பல்லவி அளவுக்கு நன்றாக இல்லை.

திருமுல்லைவாயல் அடுக்ககம் ஒன்றிலிருந்து ஏறும் பொறியாளர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், ஒருநாள் என் அறைக்கே வந்து முறையிட்டார்.

"மேடம், தெனமும் அவங்க பாட்டுதானா? நான் திருமுல்லைவாயல்ல ஏறுதேன். எனக்கு எந்தக் காலத்துல முன்சீட்டு கெடைக்கும், நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. பிறந்த இடத்தால் ஒருவருக்குச் சலுகை கிடைக்கக் கூடாது என்று தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஏறும் இடத்தால் கிடைக்கும் சலுகையை எப்படி ஒப்புக்கொள்வேன்? எல்லோரையும் கலந்துகொண்டு ஒரு முறையை வகுத்தேன். திங்களும் வியாழனும் எண்பதுகள். செவ்வாயும் வெள்ளியும் தொண்ணூறுகள். புதனும் சனியும் அதற்குப் பிந்தைய எல்லாம். வேனின் வாட்ஸப் குழுவில் அதை வெளியிட்டபோது, ஒரு சிறிய நாட்டுக்கு அரசியல் சாசனம் வழங்கிய நிறைவு எனக்கு ஏற்பட்டது.

"இன்னாமா இது, பாட்டுக்குப் போய் டைம்டேபிளு? ஸ்கூலுக்குப் போற மாரி கீது" என்றார் ஓட்டுநர். நான் சிரித்துக்கொண்டேன்.

விளைவு ஒரு மாதத்தில் தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் பொறியாளரும் அவர் வயதுக்காரர்களும் பைக்கில் போனார்கள். புதனும் சனியும் அக்காவைத் தவிர்த்த மூத்தவர்கள் ஆவடியில் மின்சார ரயிலைப் பிடித்தார்கள். திங்களும் வியாழனும் ஓட்டுநர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். அவரவர் தங்கள் நாளில் மட்டும் வந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. நியாயம் நிலைநாட்டப்பட்டது, வேன் எல்லா நாளும் பாதி காலியாக ஓடியது.

காலி இருக்கைகளைப் போக்குவரத்துப் பிரிவின் அதிகாரி கவனித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வேன் ஆவடி ரயில் நிலையத்திலிருந்து புறப்படும், அதற்கு அப்பால் உள்ளவர்கள் அங்கே வந்து ஏறிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். அன்று மதிய இடைவேளையில் அக்கா என் அறைக்கு வந்தார். அவர் உட்காரவில்லை.

"அந்த நேரத்துக்கு எங்க தெருவுக்கு ஷேர் ஆட்டோ வராது. எங்க ஊட்டுக்காரரு நைட்டு டியூட்டி முடிச்சு வர்றதுக்குள்ள நான் கெளம்பிடணும். ஆவடிக்கு எப்டிம்மா போறது? இருட்டுல நடந்துகினா?"

"நான் பேசிப் பார்க்கிறேன் அக்கா."

"பேசு. வண்டி எங்கூருக்கு வரலன்னா நான் வேலய உட்டுட வேண்டியதுதான். இப்பதான் பர்மனெண்ட் ஆக்கிக்கீறாங்க. எத்தினி வருசம் காத்துகினு இருந்தேன்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அவருடைய நிரந்தரப் பணி ஆணையை அவர் கையில் கொடுத்தவளே நான்தான். அன்று அதை முந்தானையில் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.

அதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் அல்லர். ஆளில்லாத வண்டியை அவ்வளவு தூரம் எதற்குச் சுற்ற விட வேண்டும் என்று கேட்டார். வண்டி மறுபடி நிறையும் என்று வாக்குக் கொடுத்தேன். "அடுத்த வாரம் ஒருநாள் நானே கோவில்பதாகையிலிருந்து ஏறிப் பார்க்கிறேன். வண்டி நிறைந்திருந்தால் யோசிக்கலாம்" என்றார்.

உடனே பாட்டு முறையை நீக்கினேன். மறுநாள் வேன் அதேபோல் காலியாகத்தான் போனது. பைக்கின் காற்றும் ரயிலின் ஜன்னலும் அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தன. பொதுப் போக்குவரத்தின் நன்மைகளையும், எரிபொருள் சிக்கனத்தையும், நம்மில் ஒருவருடைய வேலை இதில் அடங்கியிருப்பதையும் விளக்கிக் குழுவில் ஒரு நீண்ட வேண்டுகோள் எழுதினேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. ஆட்கள் வரவில்லை.

அன்று மாலை அக்கா ஒரு குரல்செய்தி அனுப்பினார்.

"நாளைலேர்ந்து முன்சீட்டு என்னுது. உங்க புதுப் பாட்டு அல்லாம் தகர டப்பாவ ரோட்ல உருட்டுற மாரி கீதுன்னு டிரைவர் அண்ணாத்தயும் நானும் பேசி முடிவு பண்ணிட்டோம். இல்லன்னு சொல்றவன் வண்டில வந்து சொல்லு. பைக்ல போய்கினே மெசேஜ் போடறவன் கோழ."

மறுநாள் காலை திருமுல்லைவாயல் நிறுத்தத்தில் பொறியாளர் நண்பர்களோடு நின்றிருந்தார். வேன் முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்தார்.

"எக்கா, தகர டப்பான்னு யாரச் சொன்னீய?"

"ஏறு நைனா. ஏறிப் பேசு."

"ஒங்க பாட்டு மட்டும் என்னவாம்? ஒரு கொடத்தத் தூக்கிட்டு ஒம்பது ஊரு சுத்துதாக!"

"கொடம் தூக்கிப் பாத்துக்கீறியா நீ? தூக்கிப் பாரு, அப்ப தெரியும் எத்தினி ஊரு சுத்தத் தோணுதுன்னு!"

வேன் குலுங்கச் சிரித்தது. மேனாம்பேட்டில் ஏறியவர்கள் என்ன நடந்தது என்று கேட்டு, அக்காவின் கட்சியில் பாதியும் பொறியாளரின் கட்சியில் பாதியுமாகப் பிரிந்தார்கள். ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொழிற்சாலை வாயிலுக்குள் போனபின் எங்களுக்கு எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்: தேநீருக்கு எப்போது எழுவது, இயந்திரம் எந்த வேகத்தில் ஓடுவது, எந்த வாசல் வழியாகப் போவது. நாங்களே சண்டையிட்டு முடிவு செய்த ஒரே விஷயம் வேனில் என்ன பாட்டு என்பதுதான். அந்தச் சண்டையைத்தான் நான் ஒழுங்குபடுத்தியிருந்தேன்.

இரண்டொரு நாளில் வேன் நிறைந்தது. ஆயினும் அதிகாரி வரும் நாளன்று எல்லோரும் வருவார்களா என்ற கவலையில், அன்று நான் ஆவடியில் ஏறாமல் கோவில்பதாகைக்கே போனேன். அதிகாரி எங்களுக்கு முன்பே வந்து, ஒன்றும் அறியாதவராக முன்சீட்டில் அமர்ந்திருந்தார். அக்கா கதவருகே நின்று அவரையே பார்த்தார். ஓட்டுநர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், அங்க குந்திகினா பாட்டு போடணும். இந்த வண்டில அதான் சட்டம்."

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்பா."

"ஆய்வு பின்சீட்ல சார்" என்றார் அக்கா, பின்னால் ஏறிக்கொண்டே. "முன்சீட்டுன்னா பாட்டுதான்."

அவர் சிரித்து மழுப்பினார். ஆவடியில் கூட்டம் ஏறியது, "இன்னா, பாட்ட காணோம்?" என்றது. திருமுல்லைவாயலில் பொறியாளர் ஏறினார், "சார், ஒங்களது எந்தக் கட்சி?" என்றார். அதற்குமேல் தாங்க முடியாமல் அதிகாரி தன் கைபேசியை எடுத்து, வெகுநேரம் தேடி, எதையோ அழுத்தினார்.

எண்பதுகளும் இல்லை, தொண்ணூறுகளும் இல்லை. முன்பொரு காலத்தில் தமிழ்நாட்டின் மதிய உணவுக்குப் பிந்தைய தூக்கத்தைக் கெடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாடல்.

பின்வரிசையில் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. அடுத்து அக்கா. அடுத்து, "எங்கம்ம இதக் கேட்டுக்கிட்டுதான் வெங்காயம் உரிப்பா, எதுக்கு அழுதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றபடி பொறியாளர். முதன்முறையாக மொத்த வேனும் ஒரே பாட்டைப் பாடியது.

"சார், நீங்க சீரியலு பாப்பீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"வீட்ல பாப்பாங்க. காதுல விழும்."

"அல்லாருக்கும் காதுலதான் சார் உழுந்துக்கீது."

அந்தத் தொடரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் அழவைத்து, அதைப் பொறுமை என்று பெயரிட்டுப் பெருமைப்படுத்தியதால் நம் குடும்பங்களுக்கு நேர்ந்த தீங்கைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். ஆனால் எனக்கு இரண்டாம் சரணமும் மனப்பாடமாக இருந்தது. பாடிவிட்டேன். மேனாம்பேட்டைத் தாண்டியதும் அதிகாரி, யாரும் கேட்காமலேயே, அதை மறுபடியும் போட்டார்.

தொழிற்சாலை வாயிலில் நாங்கள் இறங்க இறங்க அவர் ஓரமாக நின்று பார்த்தார். உட்கார இடமில்லாமல் நின்றபடி வந்தவர்கள்கூட இறங்கினார்கள். "கோவில்பதாகை அப்படியே இருக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காது சிவக்க உள்ளே போனார். அக்காவுக்கு அது கேட்டது. என் மணிக்கட்டை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.

மாலையில் திரும்பும்போது தன் முன்சீட்டில் சாய்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு ரூலு போடும்மா. நான் ஒத்துக்கிறேன்."

"என்ன அக்கா?"

"அந்த சார மட்டும் இனிமே முன்சீட்ல குந்த உடாத. காலைலேர்ந்து அந்த அழுமூஞ்சிப் பாட்டு வாய்ல வந்துகினே கீது. கியர கைல புட்சிகினு பாடிகினு கீறேன், பக்கத்துல கீறவ கண்ணத் தொடச்சிக்கிறா!"