மின் மாங் சமாதிவரை போன படகு

ஹுவே நகரத்து ஆற்றில் சுற்றுலாப் படகு ஓட்டிய ஹென்னுக்குக் கரையில் ஒரு வீடு வாய்த்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை பகலில் பயணிகள் உட்கார்ந்த பலகையிலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தவள். மாமியார் கண்மூடியதும், தாம் என்கிற மகள் பிறந்ததும் அந்தப் பலகையில்தான். அரசாங்கம் ஆற்றுக்காரர்களையெல்லாம் கரையேற்றி வீடு கொடுத்தது. அவள் புருஷன் லுத்துக்கு அங்கே தூக்கமே பிடிக்கவில்லை.

"தரை அசையவே மாட்டேங்குது. பொணம் மாதிரி கெடக்கேன்," என்று பாயைச் சுருட்டிக்கொண்டு படகுக்கே திரும்பிவிட்டான். லுத் என்றால் அவர்கள் பாஷையில் வெள்ளம்; வெள்ளத்தில் பிறந்ததால் அந்தப் பெயர் வாங்கியவன்.

ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகும் வீட்டுக்கு வர மறுத்தான். படகின் பின்பக்கம், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துணித்திரை கட்டி, அதற்குள் படுத்துக்கொண்டான். ஹென் முன்பக்கம் நின்று சுக்கான் பிடித்தாள். இருபது வயது தாம் பயணிகளைக் கவனித்தாள், பாடவும் செய்தாள். அவள் குரலுக்காகவே இந்தப் படகைக் கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

"பாதி வழியில நான் போயிட்டேன்னு வையி," என்று ஒருநாள் லுத் சொன்னான், "படகத் திருப்பிடாத. அம்மாம் தூரத்துலேருந்து கோயில் பாக்க வந்தவங்க. சாவு விழுந்த படகுன்னு பேரு வந்துச்சுன்னா அப்புறம் எவனும் ஏற மாட்டான்."

"வாய மூடிட்டுக் கஞ்சியக் குடிங்க," என்றாள் ஹென்.

மாசி மாதத்துத் தூறலில் ஹனோயிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தியென் மூ கோயில், ஹோன் சென் அம்மன் கோயில், கடைசியாக மின் மாங் அரசரின் சமாதி. நாள் முழுக்க ஆற்றில்தான். தியென் மூ படித்துறையில் தாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள். ஹென் கஞ்சிக் கிண்ணத்தோடு திரையை விலக்கினாள்.

லுத்தின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை இன்னும் சூடாறவில்லை.

அவள் அவனுடைய கண்ணை மூடிவிட்டாள். தாடையைத் துண்டால் கட்டினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். கோயில் மணி அடித்தது. கூட்டம் இறங்கி வரும் பேச்சு கேட்டதும் எழுந்து திரையை இறுக்கி முடிந்தாள்.

"அப்பா கஞ்சி குடிச்சாரா?" என்றாள் தாம்.

"தூங்குறாரு. எழுப்பாத. இன்னிக்கி சமையல நான் பாத்துக்கிறேன். நீ அவங்ககூட இரு."

படகு கிளம்பியது. ஹோன் சென் மலை கண்ணில் பட்டது. அங்கே இருப்பவள் ஆற்றுக்காரர்களின் அம்மன். தீட்டோடு அவள் காலடியில் போய் நிற்பதா? 'தாயே, வேற வழி தெரியல,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியதும் தாம் பாட ஆரம்பித்தாள். பெரியவர்கள் தேநீர்க் கிண்ணங்களைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஒருவர் வேண்டுமென்றே தப்பாகப் பாடிக்காட்ட, தாம் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு முதுகில் வந்து விழ, ஹென் ஆற்றையே பார்த்தபடி சுக்கானைப் பிடித்திருந்தாள்.

சமாதியில் எல்லோரும் இறங்கியபோது பிக் என்கிற அம்மாள் மட்டும் முழங்கால் வலி என்று தங்கிவிட்டாள். ஹென் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கை கழுவப் பின்பக்கம் வந்த பிக் அம்மாள் திரைக்கு அடியில் தெரிந்த பாதங்களைப் பார்த்தாள்.

"யாரு, வீட்டுக்காரரா? உடம்பு சரியில்லையா?"

"தூங்குறாருக்கா."

பிக் அம்மாள் மறுபடியும் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். ஹென்னின் முகத்தைப் பார்த்தாள்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

ஹென் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. மீன் கருகியது. பிக் அம்மாள்தான் அடுப்பை அணைத்தாள். கோயிலுக்கென்று வாங்கி மிச்சம் வைத்திருந்த ஊதுவத்தியைத் திரைப்பக்கம் கொளுத்தி வைத்து, "கொசு ஜாஸ்தின்னு சொல்லிக்கிறேன்," என்றாள். திரும்பும் வழியெல்லாம் திரையில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டவர்களிடம், "எனக்கு இதான் சொகமா இருக்கு," என்றாள்.

கூட்டம் இறங்கிப் போன பிறகுதான் ஹென் மகளிடம் சொன்னாள். தாம் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள் அழவில்லை.

"என்னயப் பாட விட்டுட்டியேம்மா."



காரியம் முடிந்ததும் தாம் டானாங் நகரத்துக்குப் போய் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் பாடி யாரும் கேட்டதில்லை. லுத் பயந்த கெட்டபேர் படகுக்கு வரவே இல்லை. பிக் அம்மாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் ஹென்னுக்குத்தான் தாங்கவில்லை. யார் பாடினாலும் சுக்கானில் கை நிற்காமல் போயிற்று. பருவம் முடியுமுன் படகை விற்றுவிட்டுச் சந்தையில் சிப்பி விற்க உட்கார்ந்தாள்.

வருஷா வருஷம் திதிக்கு மட்டும் தாம் வருவாள். படையல் போடுவார்கள், சாப்பிடுவார்கள், பேச்சு பஸ் நேரத்தைத் தாண்டாது. கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு வந்த வருஷம், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

"தெரியலடி. நான் முன்னால நின்னு படகு ஓட்டிக்கிட்டிருந்தேன். அவரு போனது எனக்கே தெரியாது."

தாமின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. அம்மாவாவது பக்கத்தில் இருந்திருப்பாள் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"தனியாவா போனாரு?"

"ஆமா."

அன்றைக்கு அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. கரை வீட்டின் அந்த ஆடாத தரையில் இருவரும் பாய் விரித்துப் படுத்தார்கள். தாம் அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். காலையில் தாம் போனபிறகு ஹென் சிப்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.