பின்னால் நின்று கூப்பிடாதவள்

ஆற்றோரத்தில் புதிதாகச் சிலை வைத்திருக்கிறார்கள், பார்க்க வாருங்கள் என்று மருமகள் கூப்பிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து போனோம். தேங்காய்ப்பட்டணம் போகிற வழி. ஆறு கடலில் சேர்வது அங்கே நின்றால் தெரியும். கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஐஸ் விற்கிறார்கள்.

சிலை ஒரு பெண். நெற்றியில் கையை வைத்து ஆற்றைப் பார்க்கிறாள். மருமகள் பலகையை வாசித்தாள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. கண்ணாடியும் கொண்டுபோகவில்லை.

"பழைய பாட்டுல உள்ள பொண்ணாக்கும் மாமா. சம்பாதிக்கப் போன மாப்பிள்ளைய எதிர்பாத்து நிக்கா."

"எவ்வளவு காலமா நிக்கா?"

"அது பலகையில போடல்ல."

காலடியில் யாரோ மெழுகுவர்த்தி கொளுத்தியிருந்தார்கள். மாதா என்று நினைத்திருப்பார்கள். நெற்றியில் குங்குமமும் இருந்தது. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும், நம் ஊரில் ஒரு பெண் அசையாமல் நின்றால் ஏதாவது கிடைக்கும்.

மெழுகு வாசனையைத் தாண்டி எனக்கு வேறொரு நாற்றம் வந்தது. அது அங்கே இல்லை, என் மூக்கில்தான் இருந்தது. அந்த இடம் முன்பு கதம்பல் குழி. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் அழுகப்போட்டு, எடுத்து அடித்து நார் ஆக்குவார்கள். என் மனைவிக்கு அதுதான் வேலை. கல்யாணம் ஆன புதிதில் மூக்கைப் பிடித்தேன். பிறகு அந்த நாற்றம் வந்தால்தான் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரியும்.

நான் வளைகுடாவில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டினேன். முதல் லீவில் வந்தபோது மகனுக்கு மூன்று வயது. "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டான். எனக்குத் திரும்பிப் போக மனசில்லை. கீரிப்பாறையில் ரப்பர் வெட்டுகிற வேலை ஒன்று கிடைக்கும் போலிருந்தது. போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் டிக்கெட்டைக் கிழித்திருப்பேன். நானாகச் சொன்னால் வேலைக்குப் பயந்தவன் என்று ஆகும். லீவு நாற்பது நாளும் போனது.

புறப்படுகிற அன்று அவள் குழியில் இடுப்பளவு தண்ணீரில் கதம்பல் எடுத்துக்கொண்டிருந்தாள். கரையேறி வந்தாள். கையெல்லாம் கறுப்பு.

"பெட்டிய பூட்டினியளா?"

"பூட்டியாச்சு."

"சரி."

ஆறு கடக்கிற வள்ளத்துக்கு நூறடி இருக்கும். மெதுவாக நடந்தேன். செருப்பு வார் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தடவை குனிந்து சரிசெய்தேன். பின்னால் சத்தமே இல்லை. வள்ளக்காரன்தான் சத்தம் போட்டான். "ஓய், இண்ணைக்கு வாறீரா, நாளைக்கா?"

ஏறிவிட்டேன். பதினோரு வருஷம்.

ஒரேயடியாகத் திரும்பி வந்து எவ்வளவோ காலம் கழித்து, ஒருநாள் இருவரும் மரச்சீனிக் கிழங்கு தோல் சீவும்போது கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, அண்ணைக்கு நீ ஒரு வாக்கு விளிச்சிருந்தா நான் நிண்ணிருப்பேன்."

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"விளிக்கத்தான் கரையேறி வந்தேன். வாயில பெட்டிப் பேச்சுதான் வந்துது. எறங்கிப் போற ஆள பின்னால நிண்ணு விளிக்கப்பிடாதுல்லா. வழியில ஒண்ணு ஆயிட்டுண்ணா?"

எங்கள் சபையில் சகுனம் பார்ப்பது பாவம். அதற்கென்றே போதகர் வருஷத்துக்கு ஒரு பிரசங்கம் வைப்பார். அவர் மனைவியும் அவரைப் பின்னால் நின்று கூப்பிட மாட்டார்.

"முன்னால வந்து நிண்ணிருக்கலாமே."

"எனக்கு மேலெல்லாம் சேறு. நீங்க வெள்ளச் சட்டையாக்கும் போட்டிருந்திய."

அதோடு பேச்சு முடிந்தது. மரச்சீனி நன்றாக வெந்தது.

குழியை மூடிக் கல் பாவி இப்போது கார் நிறுத்துகிறார்கள். பாலம் வந்து வள்ளம் போனது. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. வீட்டில் இப்போது யாருக்கும் அந்தப் பயம் கிடையாது. நான் படியிறங்கினால் மருமகள் உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்: "மாமா, போன் எடுத்தியளா?"

எடுத்திருப்பேன். என்றாலும் திரும்பிப் போய், ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.