மைக் அண்ணன் வேனை விட்டு இறங்கினார்

எங்கள் நகராட்சியில் அவருக்கென்று முறையான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்காரிக்கே ஆள் யாரென்று தெரியாது. எல்லோருக்கும் அவர் மைக் அண்ணன். அவரைவிட வயதில் மூத்த கமிஷனரே காலையில் வந்ததும், "மைக் அண்ணன் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். நான் அவருடைய வேனுக்கு டிரைவர். கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே தட்டினால்தான் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயர், அதற்கு நடுவில் நாங்கள் இருவர். ஊர் ஒரு முறை கேட்டதை நான் தெருவுக்குத் தெரு கேட்டேன். அவர் பக்கம் இருக்கும் என் காது மந்தமாகிப் போனதற்கு யார் பொறுப்பு என்று பல தடவை கேட்டுவிட்டேன், யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாளைக்குத் தண்ணீர் வராது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்பதுதான் அன்றாட அறிவிப்பு. எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பைக் கேட்டதும் பாதி ஊர் ஜன்னலைச் சாத்தும். அவர் அதற்கெல்லாம் மனம் தளரும் ஆள் இல்லை. "சாத்தின ஜன்னல் வழியாவும் சத்தம் போகும்டா" என்பார்.

அப்படிப்பட்டவருடன் ஒரே ஒரு ஆள் மட்டும் பேசுவதில்லை. அவருடைய சொந்த அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர். கணவர் போன பிறகு பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு, ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறும் மேட்டுத் தெருவின் உச்சியில் கடைசி வீட்டில் இருந்தார். தெருநாய்த் தொல்லை பற்றி ஒரு முறை அறிவிக்கப் போனபோது, இந்த மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கருப்பும் வெள்ளையுமா, இடது காது மடிஞ்ச நாய் ஒண்ணு கழுத்துப்பட்டை இல்லாமத் திரியுது, சொந்தக்காரங்க கவனிக்கவும்" என்று சேர்த்துவிட்டார். அந்த அடையாளத்தோடு ஊரில் அக்காவின் நாய் ஒன்றுதான் இருந்தது. கடைத்தெருவே சிரித்தது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார். "ஊருக்கே சொல்லத் தெரிஞ்சவனுக்கு என் வீட்டுப் படியேறி வந்து சொல்ல வாய் இல்லையா?" அதோடு பேச்சு நின்றது. இவரும் சமாதானத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று என்னிடம் சொன்னார். முழங்காலில் ஒன்றும் இல்லை, ரோஷம்தான் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில் பேரிடர் ஒத்திகை என்று ஒன்று வந்தது. வெள்ளம் வந்தால், மண் சரிந்தால், எப்படி வெளியேறுவது என்று அரசாங்கம் பழக்கிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். மேட்டுத் தெருக்காரர்கள் எல்லோரும் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வர வேண்டும். தெருத்தெருவாக அதே வசனத்தைக் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அடுத்த ஒத்திகைக்கு அதைப் பதிவு செய்து போட்டுவிட்டு, வேனில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தார். கனைப்பும் பதிவில் இருந்தது. ஜனங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாவது ஒத்திகையில் டீ இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் வரவில்லை.

பிறகு நிஜமாகவே மழை வந்தது. விடாமல் கொட்டியது. ஆற்றோரத்துத் தெருக்களில் தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு ஏறிவிட்டது. மீட்புப் படையின் படகுகள் எல்லாம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தன. மாடியில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். காலை பதினோரு மணி இருக்கும், வருவாய் அலுவலர் அம்மா மழைக்கோட்டோடு ஓடி வந்து வேன் கதவைத் தட்டினார்.

"மேட்டுத் தெருவுக்கு மேல நிலத்துல வெடிப்பு விட்டிருக்கு. எந்த நேரமும் சரியலாம். அங்க அனுப்ப என்கிட்ட வேற ஆள் இல்ல. எல்லாரையும் இறக்கிடுங்கண்ணே."

மைக் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அந்தத் தெருவின் உச்சியில் யார் இருக்கிறார் என்று எனக்கும் தெரியும்.

மேட்டுத் தெருவில் நுழைந்ததும் கனைத்தார். "பொதுமக்கள் கனிவான கவனத்திற்கு. மண்சரிவு அபாயம் இருப்பதால் உடனடியாக வீட்டை விட்டு வெளியேறவும்." ஒருவர்கூட அசையவில்லை. ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. இன்னொரு வீட்டிலிருந்து, "அந்தப் பழைய கேசட்ட மறுபடி போட்டுட்டாங்கப்பா" என்று குரல் வந்தது.

தவறு அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதே கனைப்பு, அதே வசனம், அதே ஏற்ற இறக்கம். உள்ளே உயிருள்ள மனுஷன் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்த கோபத்தில் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். பிறகு கனைக்காமல் பேச ஆரம்பித்தார்.

"நாலாவது வீட்டு மாடியில துணி எடுக்கிற அம்மா! ஆமா, உங்களத்தான். அந்த நீலப் போர்வைய விடுங்க, அது நனைஞ்சு போச்சு. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இறங்குங்க."

அந்த அம்மா போர்வையோடு சிலையாக நின்றார். அண்ணன் அடுத்த வீட்டுக்குத் தாவினார்.

"வாசல்ல சோப்பு நுரையோட நிக்கிற சார்! ஒரு கன்னம் வழிச்சாச்சு, மீதிக் கன்னத்தப் பள்ளிக்கூடத்துல போய் வழிச்சுக்கலாம். வீட்ல பெரியவர் இருக்காருல்ல, முதல்ல அவரத் தூக்குங்க."

"ஐயையோ, இது கேசட் இல்ல! நிஜமாவே பேசுறாரு!" என்று யாரோ அலறினார்கள். அவ்வளவுதான், தெருவே பிய்த்துக்கொண்டு இறங்கியது. அண்ணன் நிறுத்தவில்லை. மிக்ஸியைக் கட்டிக்கொண்டு வந்தவரை நக்கல் அடித்தார், பூட்டின வீட்டைத் திறந்து மறுபடி பூட்டிப் பார்த்தவரைத் திட்டினார், மாத்திரை டப்பாவை மறந்தவரைத் திருப்பி அனுப்பினார். சிரித்துக்கொண்டும் நனைந்துகொண்டும் ஜனங்கள் ஓடினார்கள். அவருடைய பேச்சை அன்றைக்குத்தான் ஊர் ஒரு வரி விடாமல் கேட்டது.

வேன் போகக்கூடிய எல்லைவரை போய் நிறுத்தினேன். அதற்கு மேலே படிக்கட்டுதான். உச்சியில் அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் நாய் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தது.

"கடைசி வீட்டு அக்கா, வெளிய வாங்க" என்றார் மைக்கில். "அக்கா, அபாயம். இறங்கி வா." கதவு அசையவில்லை. "அக்கா, உன் கால்ல விழறேன், வந்துடுக்கா." அதை மேட்டுத் தெரு முழுக்கக் கேட்டது, கீழே பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. அக்கா மட்டும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேலே எங்கோ மரம் முறியும் சத்தம் வந்தது.

அறிவிப்பாளர் வேனை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. அவர் மைக்கை என் மடியில் போட்டுவிட்டு இறங்கினார். முழங்கால் வலிக்காரர் இரண்டிரண்டு படியாக ஏறியதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். வேனைத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நானும் பின்னாலேயே ஓடினேன். எனக்கும் புத்தி கிடையாது. வழியிலேயே என் போன் அடித்தது. "மைக் சத்தத்தைக் காணோமே, என்ன ஆச்சு?" என்று வருவாய் அலுவலர் அம்மா பதறினார். கீழே ஜனங்கள் எல்லாம் அதையேதான் கேட்கிறார்களாம். அந்த மனுஷர் வாய் மூடினதற்காக ஊர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கதவைத் தட்டியதும் திறந்துகொண்டது, தாழ்ப்பாளே போடவில்லை. அக்கா செருப்புப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டின மூட்டை. தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி வைத்திருந்தார். அத்தனையும் காலையிலேயே கட்டியாகிவிட்டது போல.

"அக்கா, மண்ணு சரியப் போவுது. வா, போயிடலாம்" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இத வந்து சொல்ல உனக்கு இத்தனை நாளாச்சா?" என்றார் அக்கா. பிறகு, "மெஷினப் பாத்துத் தூக்கு. ஊசி வளைஞ்சுடப் போவுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "உசிரு போற நேரத்துல இது என்னக்கா ரோஷம்?" என்று கத்திவிட்டேன். "நீ யாருப்பா நடுவுல?" என்று கேட்டுவிட்டு, மூட்டையை என் தலையில் ஏற்றினார். நாய் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் வேனில் என் சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கும்போதுதான் மலை உறுமியது. திரும்பிப் பார்த்தோம். மேட்டுத் தெருவின் மேல்பாதி காணாமல் போயிருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் மெஷினைக் கீழே வைக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று சாயங்காலம் கணக்கெடுத்துச் சொன்னபோது அலுவலர் அம்மா அழுதுவிட்டார். நானும்தான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பறைகளில் வாழ்க்கை. அரசாங்க லாரிகளில் அரிசி, பாய், மருந்து எல்லாம் வந்தன. நல்ல உள்ளம் படைத்த யாரோ ஒரு மூட்டை நிறையக் கோட்டும் டையும் அனுப்பியிருந்தார்கள். அக்கா கரும்பலகைக்குக் கீழே மெஷினைப் பூட்டி, அந்தக் கோட்டுகளைப் பிரித்துக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார். கொஞ்ச நாளில் முகாமே அவர் கைக்குள் வந்துவிட்டது. குழம்பு தண்ணியாக இருந்தால் சமையல்காரர் முதலில் அவரிடம்தான் சமாதானம் சொல்வார். வேனிலிருந்து அண்ணன் சொன்ன பேச்சும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மாடியில் நின்ற அம்மா போர்வை அம்மா ஆனார். நுரையோடு ஓடிவந்தவர் பாதிக்கன்னம் சார் ஆனார்.

ஊருக்குள் சமநிலத்தில் புது வீடுகள் கட்ட இடம் ஒதுக்கினார்கள். இன்ஜினியர் வரைபடத்தை விரித்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆளாளுக்குப் பெரிய சமையலறை, கூடுதல் ஜன்னல் என்று அடுக்கினார்கள்.

"எனக்கு வேன் வாசல் வரைக்கும் வரணும்" என்றார் அக்கா.

"எதுக்கும்மா? உங்ககிட்ட வேன் இருக்கா?"

"என் தம்பிக்கு முழங்கால் வலி. படியேறி வர முடியாது."

அண்ணன் அப்போது அறை ஓரத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை.

வீடுகள் எழும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சிமெண்ட் வரத் தாமதம், கதவு அளவு மாறிப்போன கூத்து, எல்லாம் நடந்தது. ஒருவழியாகச் சாவி கொடுக்கும் நாள் வந்தது. புது வீடுகளுக்கு முன்னால் சின்ன மேடை போட்டு, மைக் அண்ணனை நிறுத்தினார்கள். போர்வை அம்மாவைக் கூப்பிட்டார், கைத்தட்டல். பாதிக்கன்னம் சாரைக் கூப்பிட்டார், அவர் அன்றைக்கு இரண்டு கன்னமும் வழித்து வந்திருந்தார். கடைசியில் அக்காவின் முறை வந்தது.

அண்ணன் மைக்கை வைத்துவிட்டார். அலுவலர் அம்மாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அக்கா காதருகே குனிந்து, "அக்கா, உன் வீட்டுச் சாவி. வா, போகலாம்" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத ஏண்டா காதுக்குள்ள சொல்ற? அந்த மைக் எதுக்கு இருக்கு?"

அண்ணன் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு மேடைக்குத் திரும்பி, வெகு நாளைக்குப் பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"கருப்பும் வெள்ளையுமா, இடது காது மடிஞ்ச நாயோட சொந்தக்காரி... என்னைத் தூக்கி வளத்த எங்க அக்கா... சாவி வாங்கிக்க மேடைக்கு வரவும்."

கூட்டம் முழுக்கத் திரும்பி அக்காவைப் பார்த்தது. அவர் எழுந்தார், புடவையைச் சரிசெய்தார், நாயை இழுத்துக்கொண்டு நிதானமாக மேடையேறினார். சாவியை வாங்கினார். தம்பியின் கண்ணைத் தன் முந்தானையால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். பிறகு அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டியிருக்கேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

என் மந்தக் காதுக்கே அது கணீரென்று கேட்டது.