வாசல் வரைக்கும் மௌன விரதம்

விளக்கேத்திக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்காருவேன். ஊர் என்ன சொல்லுமோ என்று எழுந்துவிடுவேன். பல வருஷம் இப்படியே போச்சு. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஆரணி நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடி, கதைப் புத்தகம் அல்லாத புத்தகங்களாகப் படித்துப் பேசுவோம். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர் என்னோடுதான் நடந்து வருவார். "என்னம்மா சொல்லுது இந்தப் புக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுகினே வருவார். நானும் வெள்ளந்தியாகச் சொல்வேன். அங்கே போனதும் அதையே முதல் ஆளாகப் பேசிக் கைதட்டு வாங்குவார். என் முறை வந்தால், "சார் சொன்னதையே சொல்றீங்களேம்மா" என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எட்டாவது படித்தவள் பேச்சு எடுபடுமா?

தேனீக்களைப் பற்றிய புத்தகம் வந்த வாரம், நூலக வாசல் வரைக்கும் மௌன விரதம் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வழியில் அவர் கேட்கக் கேட்க, உதட்டில் விரல் வைத்து வானத்தைக் காட்டினேன்.

உள்ளே வழக்கம்போல எழுந்தார். "தேனீ ரொம்பச் சுறுசுறுப்பு..." என்றார். அதற்குமேல் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினார், என்னைப் பார்த்தார்.

"ஜல்தியா சொல்லுங்க சார். அப்பதானே நீங்க சொன்னதையே நான் சொல்ல முடியும்," என்றேன்.

"கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்," என்றார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துகினே நான் முழுசும் பேசினேன். அதன்பிறகு அவர் வரவேயில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். ‘பாவம், பெரியவர்’ என்று நீங்களாக எதையும் சேர்த்துவிடாதீர்கள்.