நாற்பத்து மூன்றாவது மாணவி

காயில் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். கல்லூரி அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாமல் போனது அவர்கள் தலையெழுத்து.

அக்கா அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் மின்பட்டறையில் பயிற்சி உதவியாளர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி மறுபடி ஓடவைக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். அந்தச் சுருளுக்குப் பட்டறையில் 'காயில்' என்று பேர், அதுவே அக்காவுக்கும் பட்டப்பெயர். பதினெட்டு வருஷமாக இதே வேலை. பயிற்றுநர் பதவி ஆறு வருஷமாகக் காலி. அதற்குப் பட்டம் வேண்டுமாம், அக்காவிடம் இருந்ததோ தொழிற்கல்விச் சான்றிதழ் மட்டும். ஆக, வேலை அக்காவுக்கு, மரியாதை காலி நாற்காலிக்கு.

அப்போதுதான் அந்தப் புதுத் திட்டம் வந்தது. வகுப்பறையில் படித்தாலும் பட்டறையில் படித்தாலும் முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். எல்லாம் பட்டத்துக்கான ஒரே கணக்கில் சேரும். சுற்றறிக்கையை அக்கா நான்கு முறை படித்தார். முன்பே வாங்கிய சான்றிதழுக்கும் அனுபவத்துக்கும்கூடக் கிரெடிட் உண்டு என்று இருந்தது. அதைக் கொடுத்தால் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருஷத்தில் பட்டம். கொடுக்காவிட்டால் நான்கு வருஷம். அதற்குள் பயிற்றுநர் பதவிக்கான வயது வரம்பு தாண்டிவிடும்.

"பட்டப்படிப்புப் பசங்க உங்ககிட்ட வந்து கிரெடிட் வாங்கிக்கலாம். நீங்க உங்களுதைப் பட்டப்படிப்புக்குக் கொண்டு வர்றதுதான் சிக்கல்," என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர்.

"ஏன் சார்?"

"உங்க சான்றிதழ்ல மணிக்கணக்கு போடலையேம்மா. முதல் வருஷத்துலேருந்து வாங்க. வைண்டிங் பயிற்சின்னு மோட்டாருக்குக் கம்பி சுத்தற பாடம் ஒண்ணு இருக்கு, அதுலேருந்து ஆரம்பிங்க."

"அந்தப் பாடத்தை யார் எடுக்கறாங்க?"

அவர் கோப்பைப் புரட்டினார். அதற்குக் கோப்பு வேறு தேவைப்பட்டது! பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி விதிதானேம்மா," என்றார்.

"சரிங்க சார்," என்றார் அக்கா, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத குரலில்.

வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உன் கிளாஸ்ல நீயே போய் உக்காரப் போறியா? லேட்டா வந்தா வெளிய நிறுத்துவியா?"

"நிறுத்துவேன்."

சொன்னபடியே முதல் வருஷத்தில் சேர்ந்தார். வருகைப் பதிவேட்டில் கடைசி எண் அவருடையது. நாற்பத்திரண்டு பேரைக் கூப்பிட்டு முடித்து, "நாப்பத்தி மூணு" என்று தானே கூப்பிட்டு, "பிரசன்ட்" என்று தானே சொல்லி, டிக் அடித்துக்கொண்டார். முதல் நாள் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. பாடத்தை நடத்தி முடித்ததும் அக்கா அதே மேசையில், அதே நேரக்கணக்கில், தனக்கென ஒரு மோட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்ததை அவர்கள் பார்த்தார்கள். பயிற்சி நோட்டுகூட எழுதினார், கோடு போட்டு, படம் வரைந்து.

பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் போனது. நாற்பத்து மூன்றாவது மாணவி, ஐம்பதுக்கு நாற்பத்தாறு. கீழே பயிற்றுநருக்காகக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. மறுநாளே கிரெடிட் குழு கூப்பிட்டது. அக்கா தான் சுற்றிய மோட்டாரையும் தூக்கிக்கொண்டு போனார்.

"உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டா அது மார்க்கா? இதை ரத்து பண்றோம்," என்றார் குழுத் தலைவியான கணிதப் பேராசிரியை.

"பண்ணுங்க மேடம். அதே கையெழுத்துதான் மத்த நாப்பத்திரண்டு பேருக்கும் போட்டிருக்கேன். அதையும் சேர்த்து ரத்து பண்ணிடுங்க."

"அவங்களுக்குப் போடறது வேற, உங்களுக்கே போட்டுக்கறது வேற."

"அப்போ என்னைச் சோதிக்க ஒரு ஆளை அனுப்புங்க. ஆறு வருஷமா தேடறீங்களே, கிடைச்சாங்களா?"

பேராசிரியை பட்டியலைப் பார்த்தார். "சரி, ஐம்பதே போட்டிருக்கலாமே. ஏன் நாப்பத்தாறு?"

அக்கா மோட்டாரைத் திருப்பி, பென்சில் முனையால் ஓரிடத்தைக் காட்டினார். "இந்தப் பள்ளத்துல கம்பிக்கு அடியில வைக்கற காப்புத் தாள் ஓரமா கிழிஞ்சிருக்கு பாருங்க. பசங்க யாராவது இப்படிச் செஞ்சா நாலு மார்க் குறைப்பேன். குறைச்சிட்டேன்."

பேராசிரியை எழுந்து வந்து, குனிந்து, வெகுநேரம் அந்தக் கிழிசலைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஆணை வந்தது. சான்றிதழுக்கும் அனுபவத்துக்கும் முழுக் கிரெடிட், மூன்றாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். 'சிறப்புச் சலுகையாக' என்று இருந்தது. பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் அடித்து, ஆணையை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார்.

"உனக்குப் பைத்தியமா? சேர்க்கை முடிய பத்து நாள்தான் இருக்கு! ஒரு வார்த்தைக்காகவா?"

"சலுகைன்னா எனக்கு மட்டும் போட்ட பிச்சை. நாளைக்கு பக்கத்துப் பட்டறை லேத் அண்ணன் போய்க் கேட்டா, வெல்டிங் தம்பி போய்க் கேட்டா, மறுபடி முதல் வருஷத்துலேருந்து வான்னுவாங்க. விதியில எழுதியிருக்கறதை விதிப்படி கொடுக்கட்டும்."

பேசியது வீராப்பாகத்தான். ஆனால் அந்தப் பத்து நாளும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷத்தை ஒரு பேனாக் கோட்டில் தொலைத்துவிட்டோமோ என்று பயமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தார், கிழித்துப் போட்டார். அடுத்த பருவ வகுப்பு ஆரம்பித்ததும் ஒன்றும் நடக்காதவர்போல் பதிவேட்டை விரித்தார். நாப்பத்தி மூணு, பிரசன்ட்.

பத்தாம் நாள் காலை, வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. பட்டறை வாசலில் கண்காணிப்பாளர் வந்து நின்றார், கையில் புது ஆணையோடு. உள்ளே வராமல் அங்கிருந்தே நீட்டினார். அக்கா போய் வாங்கி, நின்றபடியே படித்தார். 'கிரெடிட் விதிகளின்படி' என்று இருந்தது. சலுகை என்ற சொல் எங்கேயும் இல்லை. கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து, பதிவேட்டைத் திறந்து, நாற்பத்து மூன்றாம் எண்ணின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா, நான் போகணும்," என்று உள்ளே கால் வைத்தார் கண்காணிப்பாளர்.

"கிளாஸ் நடக்குது சார்," என்றார் அக்கா, அதே தணிந்த குரலில். "லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்."